ஒரே அளவு யூரியா போட்டும் பொன்னி மட்டும் ஏன் சாய்கிறது? காரணம் விதைக்குள்!

பக்கத்து வயலுக்குப் போட்ட அதே மூணு மூட்டை யூரியா. அங்கே நல்ல விளைச்சல். இங்கே கதிர் பால் பிடிக்கிற நேரத்துல பயிர் மொத்தமா படுத்துடுச்சு! நெல் பண்ணையம் செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது.

அன்னூர் வட்டாரத்தில் நெல் குறைவு. மானாவாரிக் காடும் கிணற்றுப் பாசனத் தோட்டமும்தான் அதிகம். ஆனால் சத்தி ரோட்டைப் பிடித்துப் போனால் கொடிவேரி அணைப் பாசனம், அதாவது நெல் பூமி. இன்னொரு பக்கம் கோவையில், 1912-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம்.

மண் பரிசோதனை செய்யாத வயலுக்கு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இது: மத்திய, நீண்டகால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்கு 75 கிலோதான். 45 கிலோ யூரியா மூட்டைக் கணக்கில் ஏக்கருக்கு ஏறக்குறைய மூணு மூட்டை, பொன்னிக்கு ஒன்றரை. சரிபாதி!

குட்டை மரபணு செய்யும் வேலை

1966-ல் வந்த ஐஆர் 8 ரகத்தின் பெற்றோரில் ஒன்று தைவானின் குட்டை நெல். அதிலிருந்து வந்ததுதான் 'எஸ்டி 1' என்ற மரபணுவின் செயலிழந்த வடிவம். தண்டை நீளச் செய்யும் ஹார்மோன் இதனால் குறைகிறது. பயிர் குட்டையாக நிற்கும், எவ்வளவு உரம் போட்டாலும் லேசில் சாயாது. பொன்னியோ மலேசியாவிலிருந்து வந்த மாசூரியின் வாரிசு. உயரமான பயிர். கூடுதல் யூரியா போட்டால் இன்னும் வளர்ந்து, கதிர் கனத்ததும் தண்டு தாங்காமல் சாய்ந்துவிடும்.

அப்போ குட்டை ரகம்தான் கெட்டிக்காரனா? அதுவும் இல்லை. குட்டையாக்கும் அதே மாற்றம், மண்ணிலிருந்து தழைச்சத்தை உறிஞ்சும் திறனையும் குறைப்பதாக 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. சாயாமல் நிற்கிறது, ஆனால் தீனி அதிகம் கேட்கிறது.

2021-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். தழைச்சத்து குறைந்த மண்ணிலும் தூர் கட்டவைக்கும் ஒரு மரபணு வடிவம் காட்டு நெல்லில் நிறைய உண்டு. உரம் தாராளமான காலத்து நவீன ரகங்களில் அது பெரும்பாலும் தொலைந்துவிட்டது. மலிவு யூரியா வந்த பிறகு யாரும் அதைத் தேடவில்லை போல! குறைந்த உரத்தில் விளையும் ரகம் உருவாக்க, அதைத் திரும்பச் சேர்க்கலாம் என்பது விஞ்ஞானிகளின் யோசனை.

இப்போதைக்கு என்ன வழி?

இலை வண்ண அட்டை. நட்ட 14-ம் நாளிலிருந்து முதல் பூ வரும் வரை, வாரம் ஒருமுறை 10 இலைகளை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேரா படக்கூடாது, உடம்பால மறைச்சுக்கணும். 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் குறிப்பிட்ட எண்ணைவிட வெளிறியிருந்தால் மட்டும் யூரியா. அந்த எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. இலை கரும்பச்சையாக இருக்கும்போதே யூரியாவை அள்ளி வீசினால் குலைநோயும் புகையானும் தேடி வரும்.