கூத்துப் பதிவும் கோப்பு மாற்றமும்

மாசி மாதம் பிறந்ததும் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் காமன் கூத்து நடைபெறுவது வழக்கம். காமன் கம்பம் நாட்டப்பட்ட நாள் தொட்டு, மன்மதன் எரிந்து மீண்டும் உயிர்த்தெழும் நாள் வரையில், இரவு தோறும் தப்பொலி லயங்களைச் சூழ்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். முன்னாளில் இக்கூத்தின் பாட்டும் ஆட்டமும் கூத்து வாத்தியாரின் நினைவிலும் சிற்சில கையெழுத்துக் கொப்பிகளிலும் மாத்திரமே தங்கியிருந்தன. இன்றோ, சுற்றி நிற்போரிற் பலர் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கின்றனர். ஓரிரவுக் கூத்து பத்துப் பேர் கையில் பத்துத் துண்டுகளாகப் பதிவாகி விடுகிறது.

அத்துண்டுகளை ஒன்று சேர்த்து, வேண்டாதன நீக்கி, முழுமையான படமாக்க முற்படும் தோட்டத்து இளைஞர் பெரும்பாலும் வாயிற்படியிலேயே தடுக்கி நிற்கின்றனர். கைத்தொலைபேசியில் அழகாக ஓடிய படம், கணினியிலுள்ள எளிய தொகுப்பு மென்பொருளினுள் நுழைய மறுக்கிறது. நுழைந்தாலும், ஒலி மட்டும் கேட்கப் படம் கறுத்துக் கிடக்கிறது. இரண்டும் வந்து சேர்ந்தாலோ, தப்பின் மீது கோல் விழுந்து சற்று நேரம் கழிந்த பின்னரே அடியோசை கேட்கிறது. தாளத்தையே உயிராகக் கொண்ட கூத்துக்கு இதைக் காட்டிலும் பெரிய கேடு வேறில்லை.

இதனை ஒரு சிறு வசதிக்குறைவென்று தள்ளிவிடுவதற்கில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. அதன் விளைவாக, ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்களிற் சில மலையகத்திலும் சில நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிலுமாகப் பிரிந்து போயின. கூத்தறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். இளையோர் தொழில் தேடிக் கொழும்புக்குச் செல்கின்றனர். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, மனித உயிர்களோடு அவ்வீடுகளிற் பேணப்பட்ட படங்களும் பத்திரங்களும் மண்ணுள் மறைந்தன. இத்தகைய வாழ்க்கையில், ஒரு வாத்தியார் பாடியதைக் காட்டும் பதிவு ஒன்றேயொன்றாக இருத்தல் கூடும். அதனைத் தவறாக மாற்றிக் கெடுத்துவிட்டு, மறுபடியும் பாடச் சொல்லிப் படமெடுக்க இயலாது.

கோப்பு மாற்றம் என்பது யாது? அதனை அறியுமுன் கோப்பின் அமைப்பை அறிதல் வேண்டும். எம்.பி.4, எம்.ஓ.வி., ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்று கோப்பின் பெயரிறுதியில் நிற்கும் எழுத்துகள் படத்தின் தன்மையைக் குறிப்பனவென்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அவை பெட்டியின் பெயர்கள். பழைய நாளில் தோட்டத்து ஆலையிலிருந்து கொழும்புக்கு இறங்கிய தேயிலைப் பெட்டியின் மீது தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்டியைத் திறவாமலே உள்ளிருப்பது இன்னதெனச் சொல்லிவிடலாம். படக்கோப்பின் பெயரோ பெட்டி எந்தப் பலகையால் ஆனதென்று மட்டுமே சொல்லும். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கப்பட்டுப் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டிருக்கும். மென்பொருள் பெட்டியைத் திறந்தும் உள்ளிருக்கும் சுருக்கத்தை விரிக்கத் தெரியாது நிற்பதனாலேயே ஒலி மட்டும் கேட்டுப் படம் கறுத்துப் போகிறது. கோப்பின் பெயரிறுதியைத் தட்டச்சுப் பலகையால் அழித்து வேறொன்றை எழுதுவதால் இங்கு யாதொரு பயனும் விளையாது. பலகைப் பெட்டிக்கு வர்ணம் பூசினால் உள்ளேயுள்ள தூள் உயர்ந்த தரத்தேயிலை ஆகிவிடுமா?

சுருக்கம் ஏன் வேண்டும் என்பதை ஒரு கணக்கு விளக்கும். இக்காலத்து முழுத்தெளிவுப் படம் ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம், விநாடிக்கு 25 படமென எண்ணினால், ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 155 மெகாபைட் வேண்டும். ஒரு மணி நேரக் கூத்து 560 கிகாபைட் அளவு இடத்தை விழுங்கிவிடும். கைத்தொலைபேசி அதையே விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு மெகாபைட்டாக, அஃதாவது எழுபதில் ஒரு பங்காகக் குறைத்து விடுகிறது. எப்படி? கூத்தாடுவோரின் பின்னேயுள்ள லயத்துச் சுவர் அசைவதில்லை. கையும் காலும் ஆடையுமே அசைகின்றன. ஆகவே ஒரு படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அதன் பின்வரும் பல படங்களுக்கு மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொண்டால் போதுமன்றோ? 2003 இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையும், 2013 இல் வகுக்கப்பட்ட எச்.இ.வி.சி. முறையும் இவ்வடிப்படையிலேயே இயங்குகின்றன. பின்னது முன்னதன் பாதி அளவிலேயே ஒத்த தெளிவைத் தரவல்லது.

பார்ப்பதற்கு இம்முறை சிறந்தது. வெட்டித் தொகுப்பதற்கு இடர் மிக்கது. தொகுப்பவர் நடுவிலுள்ள ஒரு படத்தில் கத்தரி வைக்க விரும்பினால், மென்பொருள் முன்னேயுள்ள முழுப்படத்துக்குத் திரும்பிச் சென்று அங்கிருந்து ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு வரவேண்டும். பழைய மடிக்கணினி இப்பாரத்தைத் தாங்காது திணறுகிறது.

மென்பொருளின் வயதும் கவனிக்கத் தக்கது. 2000 ஆம் ஆண்டில் விண்டோஸ் மீ உடன் வெளிவந்த மூவி மேக்கர் எளிமையால் உலகெங்கும் பழக்கத்துக்கு வந்தது. அதன் எக்ஸ்.பி. காலத்து வடிவம் ஏ.வி.ஐ., டபிள்யூ.எம்.வி., பழைய எம்பெக் ஆகியவற்றை ஏற்கும், எம்.பி.4 ஐ ஏற்காது. மைக்ரோசொவ்ற் நிறுவனம் மூவி மேக்கரை வழங்குவதை 2017 சனவரி 10 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. பழைய கணினியில் அது எஞ்சியிருப்பின், படத்தை டபிள்யூ.எம்.வி. போன்று அது ஏற்கும் வடிவமாக்கிக் கொடுக்க வேண்டும். இயலுமானால் அதைக் கைவிட்டு, விலையின்றிக் கிடைக்கும் ஷொட்கட், ஓப்பன்ஷொட் போன்றவற்றுக்கு மாறுவதே மேல். இவை ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளையும் திறக்கும். கோப்பு மாற்றத்தின் தேவையே பல வேளைகளில் அற்றுப் போகும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் இரு வழிகள் உண்டு. முதலாவது, பெட்டியை மட்டும் மாற்றுதல். உள்ளேயுள்ள படமும் ஒலியும் ஓர் அணுவும் குறையாமல் வேறொரு பெட்டிக்கு இடம்பெயரும். எவ்.எவ்.எம்பெக் என்னும் இலவசக் கருவி இதனைச் சில நொடிகளில் செய்துவிடும். மென்பொருளுக்குச் சுருக்கம் புரிந்து பெட்டி மட்டும் புரியாதவிடத்து இதுவே போதுமானது. இரண்டாவது, படத்தை விரித்து மீண்டும் வேறு முறையிற் சுருக்குதல். இங்கேதான் இழப்பு நேர்கிறது. ஒருமுறை வடித்த தேயிலைத்தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் சாயம் இறங்கும்; ஆனால் முதற்சாயம் போலிராது. ஆதலின் இவ்வாறான மாற்றத்தை ஒருமுறைக்கு மேற் செய்தலாகாது. செய்யும்போதும் எப்பொழுதும் முதற்பதிவிலிருந்தே செய்தல் வேண்டும்.

இவ்வேலைக்கு ஹாண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் ஏற்றது. அதில் எச்.264 முறையைத் தெரிந்து, தர எண்ணை இருபதின் அருகில் வைத்துக்கொள்ளலாம். அவ்வெண் குறையக் குறையத் தரம் உயரும், கோப்பும் பருக்கும் என்பது புதியோரை மயக்கும் ஒரு செய்தி. அதனினும் முக்கியமானது படவேகம் பற்றிய தெரிவு. கைத்தொலைபேசிகள் விநாடிக்கு முப்பது படமென்று சொல்லிக்கொண்டாலும் அந்த எண்ணை எப்போதும் காப்பதில்லை. வெளிச்சம் குன்றும்போது ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு வேகத்தைத் தாழ்த்துகின்றன. காமன் கூத்தோ இரவில் நடப்பது; தீப்பந்தமும் ஒற்றை மின்குமிழுமே வெளிச்சம். சராசரி வேகம் முப்பதுக்குப் பதில் 29.9 ஆக இருந்து, எளிய மென்பொருள் அதனை முப்பதென்றே எண்ணி ஓட்டினால், ஒரு மணி நேர முடிவில் படம் ஒலிக்குப் பன்னிரண்டு விநாடி முந்திவிடும். தப்படியும் கோலும் பிரிந்து போவதன் மருமம் இதுவே. ஹாண்ட்பிரேக்கில் மாறாப் படவேகம் என்னும் தெரிவை இட்டு மாற்றிய பின் தொகுக்கத் தொடங்கினால் இக்குறை நீங்கும். ஷொட்கட் இத்தகைய கோப்பைத் தானே கண்டறிந்து, தொகுப்புக்கேற்ற வடிவாக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்பதே தக்க விடை.

ஐபோன் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. 2017 இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதற்கொண்டு அக்கருவி எச்.இ.வி.சி. முறையிற் பதிவு செய்கிறது. விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அம்முறைக்கான இணைப்பைத் தனியே பெறவேண்டும். கமெரா அமைப்பில் 'மிகவும் ஒத்திசைவானது' என்ற தெரிவைக் கூத்துக்கு முன்பே இட்டுவைத்தால் பின்னர் மாற்றும் வேலையே இராது.

பழைய ஒளிநாடாக்களும் இறுவட்டுகளும் வேறொரு வகை. நுவரெலியாவுக்கு மேலே 2524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியிலிருந்து ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, விநாடிக்கு 25 படம், படத்துக்கு 625 கோடு என்னும் பால் முறையையே பின்பற்றியது. இந்நாட்டில் எடுக்கப்பட்ட திருமண, திருவிழா நாடாக்களும் அம்முறையினவே. அவற்றில் ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் மாறி மாறிப் பதிவாகியிருப்பதால், கணினித் திரையில் ஆடுவோரின் கை சீப்புப் பற்களைப் போலப் பிளந்து தெரியும். ஹாண்ட்பிரேக்கில் அதனைச் சீராக்கும் வடிகட்டி உண்டு. இறுவட்டிலே படம் ஏறத்தாழ ஒரு கிகாபைட் அளவுள்ள வி.ஓ.பி. துண்டுகளாகப் பிரிந்திருக்கும், துண்டுகளைத் தனித்தனியே இழுத்துப் போடாது, இறுவட்டு முழுவதையும் ஒன்றாகத் திறந்து மாற்றுவதே முறை. படவேகத்தை 25 ஆகவே விட்டுவிட வேண்டும். படத்தைப் பெருப்பித்து 1920 புள்ளியாக்குவதால் கோப்பு வீங்குமேயன்றி, முகம் தெளியாது. மலைநாட்டு ஈரத்தில் வெண்பூஞ்சணம் படர்ந்த நாடாவை மட்டும் ஓட்டிப் பார்க்கவே கூடாது. நாடாவும் கெடும், கருவியும் கெடும். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் முதலிற் கொடுத்தல் வேண்டும்.

முதற்பதிவைப் பெறுவதிலும் விழிப்பு வேண்டும். கூடலூரிலுள்ள உறவினருக்கு வட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பப்படும் படம் வழியிலேயே பெரிதும் சுருக்கப்படுகிறது. அதைத் திரும்பப் பெற்றுத் தொகுப்போர் இரண்டாஞ் சாயத்தையே வடிக்கின்றனர். அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் அது சுருங்குவதில்லை. பேனா வடிவ நினைவகத்தில் ஏற்றும்போது நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது நின்றால், கோப்பு பழுதென்று எண்ணி மறுபடி சுருக்குவது வீண், அந்நினைவகம் எவ்.ஏ.ரி.32 என்னும் பழைய முறையில் அமைக்கப்பட்டிருப்பதே காரணம். அதிலுள்ளவற்றை வேறிடத்திற் பாதுகாத்துவிட்டு, எக்ஸ்.எவ்.ஏ.ரி. முறையில் மறுபடி அமைத்தால் ஏறிவிடும்.

மாற்றிய கோப்பு வந்தவுடன் மூலத்தை அழித்து இடம் சேமிப்பது பலரது வழக்கம். தொகுத்த படம் முடிந்த பின்னும் மூலத்தை வைத்திருத்தல் வேண்டும். ஒரு பிரதி லயத்து வீட்டிலும் மற்றொன்று வேறூரிலுள்ள உறவினரிடத்திலும் இருப்பது நன்று. மாற்றிய கோப்பின் திகதியாகக் கணினி காட்டுவது பெரும்பாலும் மாற்றம் செய்த நாளையே. கூத்து நடந்த நாளையன்று. ஆகவே மாற்றுமுன்னரே தோட்டத்தின் பெயர், டிவிசன், கூத்தின் பெயர், நடந்த ஆண்டும் திகதியும், வாத்தியாரின் பெயர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.