உங்களுக்குத் தெரியுமா? அண்டத்தின் நடுவே ஒரு கோணிய தட்டு!
தென்வானத்துச் சென்டாரஸ் நட்சத்திரக் கூட்டத்தின் திசையில், சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் விளங்கும் என்.ஜி.சி. 5128 என்னும் நீள்வட்ட அண்டத்தை, 1826-ல் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்டறிந்தார். வயோதிக நட்சத்திரங்களே மிகுந்து, வாயுவும் தூசியும் பெரும்பாலும் வற்றிப்போயிருக்க வேண்டிய அத்தகைய அண்டத்தின் குறுக்கே ஒரு கரிய பட்டை ஓடுவது எத்தனை ஆச்சரியம்! முன்னொரு காலத்தில் அது விழுங்கிய, வாயு நிறைந்த வேறோர் அண்டத்தின் அவசேஷமே அப்பட்டை என்பது விஞ்ஞானிகளின் சித்தாந்தம். சாய்ந்த தளத்தில் சுற்றிவரும் அந்த வாயுவின் பாதைகள், பெரிய அண்டத்தின் ஆகர்ஷணத்தால் மெல்லத் திசை திரும்புகையில், உட்புறத்தவை விரைந்தும் வெளிப்புறத்தவை தாமதித்தும் திரும்புவதால், தட்டு முழுவதும் வெயிலில் உலர்த்திய அப்பளம்போல் நெளிந்து கோணிவிடுகிறது. ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிர்களில் எடுத்து 2004-ல் வெளியான படத்தில், அத்தட்டு ஓர் இணைகரமாகவே தோன்றிற்று.