மார்பில் அணியும் செய்தி: பொத்தான் சின்னம் – ஒரு பார்வை

ஒவ்வோர் ஆண்டும் புதிய செயலவை பொறுப்பேற்றதும் எழும் கேள்விகளுள் ஒன்று: "இந்த வருடம் விழாவுக்கு என்ன அடிக்கலாம்? டீ-சட்டையா, சாவிக்கொத்தா, பேட்ஜா?" பெரும்பாலும் பேட்ஜ்தான் வெல்லும். மலிவு, சீக்கிரம் கிடைக்கும், மிஞ்சினாலும் பெரிய நட்டமில்லை என்பவைதான் காரணங்கள். நான் விளம்பரப் பிரிவில் இருந்த இரண்டு தவணைகளிலும் இதே காரணங்களைச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்கினோம். ஆனால், இந்தச் சிறு வட்டத்திற்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதை அறிந்தால் நாம் அதை வெறும் விற்பனைப் பொருளாகப் பார்க்க மாட்டோம் என்பது என் கருத்து.

பேச்சு வழக்கில் 'பட்டன் பேட்ஜ்' என்கிறோம். மலாய்மொழியில் 'லென்சானா' என்பர். இக்கட்டுரையில் அதனைப் 'பொத்தான் சின்னம்' என்றே குறிப்பிடுகிறேன்.

பூவே முதற்சின்னம்

தன்னை இன்னார் என்று காட்ட உடலில் ஓர் அடையாளம் அணிவது தமிழருக்குப் புதியதன்று. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு எனத் தொல்காப்பியம் மூவேந்தரின் பூக்களைச் சொல்கிறது. போர்க்களத்தில் யார் எந்தப் படை என்று தெரிய வீரர்கள் அந்தந்த வேந்தனின் பூவைச் சூடினர். நிரை கவரச் செல்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை, வென்றோர்க்கு வாகை எனச் செயலுக்கும் பூ இருந்தது.

புறநானூற்றின் 45ஆம் பாடல் இதனால்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே அடைபட்டிருப்பவன் இன்னொரு சோழன், நெடுங்கிள்ளி. இருவருக்கும் இடையே போய் நின்ற கோவூர்கிழார் என்ன வாதத்தை எடுத்தார் தெரியுமா? எதிரில் நிற்பவன் பனம்பூச் சூடியவனுமல்லன், வேம்பு சூடியவனுமல்லன். இருவர் தலையிலும் இருப்பது ஆத்திதான். எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்றார். பிரித்துக் காட்டுவதற்காகச் சூடிய அடையாளத்தையே சேர்த்து வைக்கும் சான்றாக்கினார் அப்புலவர். அணியும் சின்னம் வெறும் அலங்காரமன்று, அது ஒரு வாதம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா?

தந்தத்திற்கு மாற்றாக வந்த பொருள்

இன்று நாம் காணும் பொத்தான் சின்னத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராகப் பதவியேற்றபோது, அவரை வாழ்த்தும் பித்தளைப் பொத்தான்களை மக்கள் தம் மேலங்கியில் தைத்துக்கொண்டனர். 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனின் படம் மெல்லிய இரும்புத் தகட்டில் புகைப்படமாகவே எடுக்கப்பட்டு, அணியும் சின்னமாக வெளிவந்தது. இரண்டிலும் ஒரு குறை இருந்தது. அவற்றைச் செய்யச் செலவு அதிகம், வண்ணமும் கிடையாது.

இக்குறையைத் தீர்த்தது செல்லுலாய்டு. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்திற்கு மாற்றாக ஒரு பொருளைத் தேடியவர் ஜான் வெஸ்லி ஹையட். அவர் முயற்சியால் 1870ஆம் ஆண்டு வாக்கில் இப்பொருள் புழக்கத்திற்கு வந்தது. கண்ணாடிபோல் தெளிவான மெல்லிய ஏடாகவும் இதைச் செய்ய முடிந்தது. நியூஜெர்சி மாநிலத்தின் நூவர்க் நகரில் இயங்கிய 'வைட்ஹெட் அண்ட் ஹோக்' நிறுவனம், அச்சிட்ட தாளின்மேல் அந்த ஏட்டைப் போர்த்தி, உலோக வட்டில் மடித்துப் பூட்டி, பின்புறம் வளைந்த ஊசி ஒன்றைச் செருகியது. 1896இல் இம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில்தான் மெக்கின்லியும் பிரையனும் மோதிய அதிபர் தேர்தல். இரு தரப்பும் பொத்தான் சின்னங்களை வாரி வழங்கின. தேர்தலும் தொழில்நுட்பமும் ஒரே ஆண்டில் சந்தித்ததால், அச்சின்னம் ஒரே பருவத்தில் நாடெங்கும் பரவியது.

வணிகர்கள் சும்மா இருப்பார்களா? சிகரெட்டு வாங்கினால் சின்னம் இலவசம், சுவிங்கம் வாங்கினால் சின்னம் இலவசம் என்று தொடங்கிவிட்டனர். கேலிச்சித்திரப் பாத்திரங்கள், கொடிகள், நடிகையர் முகங்கள் எனத் தொடர்வரிசையாக வெளியிட்டதால், வாங்கியவர் அடுத்ததையும் தேடினார். இன்று நம் பிள்ளைகள் சேர்க்கும் அட்டைகளுக்கும் பொம்மைகளுக்கும் பின்னால் உள்ள சூத்திரம் நூறாண்டுக்கு மேல் பழையது.

சிரிப்பும் சினமும்

20ஆம் நூற்றாண்டில் இரண்டு சின்னங்கள் உலகைச் சுற்றின. முதலாவது, 1958இல் பிரிட்டனின் அணுவாயுத எதிர்ப்பாளர்களுக்காக ஜெரால்டு ஹோல்டம் வரைந்த அமைதிச் சின்னம். அதன் முதற்சின்னங்களைச் சுட்ட களிமண்ணால் செய்தார்கள். அணுகுண்டின் நெருப்பில் மனிதர் எரிந்தாலும் இக்களிமண் எஞ்சும் என்ற குறிப்பையும் உடன் கொடுத்தார்கள். சின்னம் எந்தப் பொருளால் ஆனதோ அப்பொருளும் செய்தியைப் பேசியது.

இரண்டாவது, நாம் எல்லாரும் அறிந்த மஞ்சள் சிரிப்பு முகம். 1963இல் அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் ஒன்று தன் ஊழியரின் மனச்சோர்வைப் போக்க ஹார்வி பால் என்ற ஓவியரிடம் கேட்டு வாங்கியது. அவருக்குக் கிடைத்த கூலி 45 டாலர். அவர் உரிமையைப் பதிவு செய்யவில்லை. உலகமே அதை விற்றது.

கிள்ளான் தோட்டங்களில் வெள்ளைக் குல்லாய்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் மண்ணில் இதற்கு மிக நெருங்கிய கதை 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்தது. ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழிகாட்டலில் பால்மரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவை கோரிக்கைகளில் அடங்கும். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையையோ கிராணியையோ கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

அந்நாளில் தொழிலாளர்கள் காந்திக் குல்லாய் அணிந்தனர். தோட்டங்களில் இந்தியக் காங்கிரசின் கொடியை ஏற்றினர். ஒரு துணிக்குல்லாய் துரைமாருக்கு ஏன் உறுத்த வேண்டும்? வாயால் பேசினால் எதிர்ப்பேச்சு என்று தண்டிக்கலாம். குல்லாயோ பேசாமலே பேசியது. அணிந்தவன் நிமிர்ந்து நிற்கிறான் என்றது. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுத் துருப்புகள் வந்தன, தொழிலாளர் உயிர்களும் பலியாயின. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குத் துணி எடுக்கச் செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சட்டையைக் கவனிக்கும் சட்டம்

அணிவது ஒரு பேச்சு என்பதைச் சட்டமியற்றுவோர் நன்றாகவே அறிவர். 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி, வாக்களிப்பு நாளன்று வாக்குச்சாவடியின் 50 மீட்டர் எல்லைக்குள் கட்சிச் சின்னமோ வேட்பாளர் பெயரோ அச்சிட்ட உடை, தொப்பி போன்றவற்றை அணியக்கூடாது, குடைகூடக் கூடாது. வாக்களிக்கச் செல்லும் முதல்முறை வாக்காளர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

தேர்தல் சீர்திருத்தம் கோரிய பெர்சே பேரணிகளின்போது ஒரு வண்ணமே வழக்காயிற்று. ஜூலை 2011இல் நடந்த பேரணிக்கு முன் மஞ்சள் பெர்சே சட்டை அணிந்தவர்கள் கைது செய்யப்பட்டனர். ஆகஸ்டு 2015இல் 'பெர்சே 4' என்று பொறித்த மஞ்சள் உடைகளை உள்துறை அமைச்சு அரசாணை வழித் தடை செய்தது.

மாணவர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான சட்டம் ஒன்றுண்டு. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டத்தில் 1975இல் செய்யப்பட்ட திருத்தம், அரசியல் கட்சிக்கு ஆதரவோ அனுதாபமோ எதிர்ப்போ காட்டுவதை மாணவர்க்குத் தடை செய்தது. அக்காலத்தில் படித்த அண்ணன்மார் சட்டையில் எதைக் குத்துவது என்று ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பர். 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் வேளையில் பிடிபட்ட தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் வழக்குத் தொடுத்தனர். அப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று 31 அக்டோபர் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் சட்டம் தளர்த்தப்பட்டது; வளாகத்திற்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தம் டிசம்பர் 2018இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒரு சின்னத்தை அஞ்சாமல் அணியும் உரிமை நமக்குத் தானாக வந்ததன்று.

சின்னம் உருவாகும் விதம்

இனி, செயலவையினருக்குப் பயன்படும் செய்திகளுக்கு வருவோம். பொத்தான் சின்னத்தில் நான்கு பகுதிகள் உள்ளன: மேல்தகடு, அச்சிட்ட தாள், அதன்மேல் தெளிந்த நெகிழி ஏடு, ஊசியுள்ள பின்தகடு. இன்று செல்லுலாய்டு இல்லை, பாலியெஸ்டர் ஏடுதான். கையால் அழுத்தும் பொறியில் முதல் அழுத்தில் தாளும் ஏடும் மேல்தகட்டோடு சேரும். இரண்டாம் அழுத்தில் ஓரங்கள் மடிந்து பின்தகட்டோடு பூட்டிக்கொள்ளும். பொறி ஒன்றிருந்தால் விடுதி அறையிலேயே செய்யலாம்.

ஓரம் மடிவதால், தாளை முகத்தைவிடப் பெரிதாக வெட்ட வேண்டும். 58 மில்லிமீட்டர் சின்னத்திற்குச் சுமார் 70 மில்லிமீட்டர் தாள் தேவை. அதாவது, சுற்றிலும் 6 மில்லிமீட்டர் பக்கவாட்டிலும் பின்னாலும் போய்விடும். பின்னணி வண்ணம் அதுவரை நீள வேண்டும். எழுத்து அங்கே போகக்கூடாது.

தமிழ் எழுத்துக்கெனச் சில கவனங்கள் உண்டு. 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்ற நம் நாட்டு முழக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதற்சொல்லில் மட்டும் எட்டு எழுத்து. 44 மில்லிமீட்டர் வட்டத்தின் நடுவில், எழுத்துக்கு உண்மையில் கிடைக்கும் அகலம் 36 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஓர் எழுத்துக்கு நாலரை மில்லிமீட்டர்தான். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் படிப்பார்; எல்.ஆர்.டி.யில் எதிர் இருக்கையில் இருப்பவர் படிக்க மாட்டார். ஆகவே, நீண்ட முழக்கத்திற்கு 58 மில்லிமீட்டர், ஒற்றைச் சொல்லுக்குச் சிறிய வட்டம் என்று பிரித்துக்கொள்க. மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் காணாமல் போகும். புள்ளி போனால் சொல்லே போயிற்று. தடித்த எழுத்துருவே பாதுகாப்பு.

இன்னொன்று, கொம்பு. 1980களிலேயே முத்து நெடுமாறன் நம் நாட்டில் 'முரசு' மென்பொருளை உருவாக்கி, கணினியில் தமிழுக்கு வழிவகுத்தார். இருந்தும் சில வடிவமைப்பு மென்பொருள்கள் இன்றும் தமிழைச் சரிவரக் கோப்பதில்லை. ஒருமுறை எங்கள் பொங்கல் விழாச் சின்னத்தின் மாதிரியை அச்சகம் அனுப்பியபோது, 'பொ'வில் முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. கடைக்காரர் சீனர், அவரைக் குறை சொல்ல முடியாது. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினோம், சரியானது. எழுத்துருவை நம்பாமல் படமாகக் கொடுங்கள். ஒரு மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே மொத்தமும் அச்சிடச் சொல்லுங்கள்.

விற்பதா, விளக்குவதா?

வரவு செலவு எளிது. ஒன்றை 1 வெள்ளிக்குச் செய்து 3 வெள்ளிக்கு விற்றால், 200 சின்னத்தில் 400 வெள்ளி மிஞ்சும். ஆனால், பதாகைக்கும் பொத்தான் சின்னத்திற்கும் உள்ள வேறுபாட்டை மறக்கக்கூடாது. மண்டபத்தில் தொங்கும் பதாகையிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. சின்னத்தை ஒருவர் அணிகிறார், அவரிடம் கேட்பார்கள். 'தமிழ்' என்ற ஒற்றைச் சொல் பொறித்த சின்னத்தோடு விரிவுரைக்குச் சென்ற எங்கள் உறுப்பினர்களிடம் மலாய், சீன நண்பர்கள் முதலில் கேட்டது, "இது என்ன எழுத்து?" என்பதே. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் இக்கேள்வி எழாது. அங்கே கடைப்பலகையெல்லாம் தமிழ். விரிவுரை மண்டபத்தில்தான் எழும். அங்கேதான் சின்னத்திற்கு வேலை.

சிலர் அழகாகப் பதில் சொன்னார்கள். பெயரை எழுதியும் காட்டினார்கள். சிலர், "சும்மா, கிளப் பேட்ஜ்" என்று நகர்ந்தார்கள். அதில் அவர்கள் குற்றம் இல்லை. விற்றபோது யாரும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. எனவே, சின்னத்தோடு ஒரு சிறு அட்டையும் கொடுக்கலாம். சொல்லின் பொருள், அதைத் தேர்ந்த காரணம், விழாவின் நோக்கம் ஆகியவற்றை மூன்று வரிகளில் தமிழிலும் மலாயிலும் எழுதினால் போதும். அட்டைக்கு ஆகும் செலவு சில சென்தான்.

மற்றொரு வேண்டுகோள் முன்னாள் மாணவர்களுக்கு. உங்கள் காலத்துச் சின்னங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் துருப்பிடித்துக் கிடக்கலாம். ஒன்றைக் கழகத்திற்கு அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த விழா, யார் வரைந்தார் என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அறிக்கைகள் தொலைந்த ஆண்டுகளுக்கும் அச்சின்னம் சான்று சொல்லும். இன்றைய செயலவையும் அச்சிடும் ஒவ்வொன்றிலும் இரண்டை எடுத்து வைக்க வேண்டும். கழக அறையில் அதற்கு ஒரு சிறு பெட்டி போதும். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அதை முதற்பொருளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.