ஆயிரம் லிட்டர் தொட்டியில் முன்பு இருந்தது என்ன?

ஜொகூர் பாருவிலிருந்து கூலாய் பக்கம் போகிறவர்கள் அந்தத் தொட்டியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி. அடியில் ஒரு பேலட், கீழ்ப்பக்கம் வால்வு, மேலே அகலமான திருகு மூடி. கட்டுமானத் தளங்களில் இதை ஐபிசி டேங்க் என்பார்கள். நம்மவர்கள் பலருக்கு அது "ஆயிரம் லிட்டர் தோங்".

சிங்கப்பூரை இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில் பாதை, சேடனாக் தரவு மையங்கள், புதிய தாமான்கள் என்று ஜொகூரில் கட்டுமான வேலை ஓயாமல் நடக்கிறது. அங்கெல்லாம் நம் பிள்ளைகள் லோரி ஓட்டுகிறார்கள், போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள், மேற்பார்வையாளராகவும் இருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு பழைய தொட்டிகள் கைமாறுகின்றன. தோட்டத்து வீட்டின் பின்புறம், காய்கறிப் பாத்தி, கோயில் திருவிழாவின் தண்ணீர்ப் பந்தல் என்று எங்கெங்கோ போய்ச் சேர்கின்றன. "கழுவின தோங்தான் அண்ணே, பயப்படாதீங்க" என்பார் விற்பவர்.

அந்த ஒரு சொல்லை நம்பி வாங்கலாமா? இதற்குப் பதில் சொல்ல, அந்தத் தொட்டி கட்டுமானத் தளத்தில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எதற்கெல்லாம் பயன்படுகிறது?

கட்டுமானத் தளத்துக்குத் தண்ணீர் மட்டும் போதாது. கான்கிரீட் இளகி ஓடுவதற்குச் சேர்க்கும் இரசாயனக் கலவை, அச்சுப் பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தடவும் எண்ணெய், கான்கிரீட் சீக்கிரம் காயாமல் இருக்க மேலே தெளிக்கும் திரவம், இயந்திரங்களுக்கு டீசல், மாற்றிய கழிவு எண்ணெய் என்று பலவகைத் திரவங்கள் அங்கே புழங்குகின்றன. முன்பு இவையெல்லாம் 200 லிட்டர் தோம்புகளில் வந்தன. ஐந்து தோம்பு பிடிக்கும் இடத்தைவிடக் குறைந்த இடத்தில் ஒரே ஐபிசி டேங்க் நின்றுவிடுகிறது. போர்க்லிஃப்ட் ஒரே தடவையில் தூக்கிவிடும். வால்வைத் திறந்தால் போதும், பம்பு வேண்டியதில்லை. இந்த வசதிதான் அதை எல்லாத் தளங்களுக்கும் கொண்டுவந்தது.

வசதி இருக்கும் இடத்தில்தான் கவனம் குறைகிறது.

எடையை மறக்கக் கூடாது

ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. தொட்டி, கூண்டு, பேலட் எல்லாம் சேர்ந்து இன்னும் 60 கிலோ அளவுக்கு வரும். டீசல் தண்ணீரைவிட இலேசானது. ஆனால் கான்கிரீட்டில் சேர்க்கும் கலவைகளில் பல தண்ணீரைவிடக் கனமானவை. ஆகவே நிறைந்த தொட்டி ஒன்று ஒரு டன்னுக்கு மேல் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சிறிய லோரியில் ஏற்றி, மேலே ஒரு கயிறு கட்டிக்கொண்டு கிளம்புவது ஆபத்து. பாதி நிறைந்த தொட்டி இன்னும் மோசம். வளைவில் திரும்பும்போது உள்ளே இருக்கும் திரவம் ஒரு பக்கமாகப் பாய்ந்து லோரியையே சாய்த்துவிடலாம்.

மழை பெய்த ஜொகூர் செம்மண்ணில் தொட்டியை நேராக இறக்கி வைப்பதும் தவறு. ஒரு மூலை மண்ணில் இறங்கினால் தொட்டி சாயும். கெட்டியான சமதரை, அல்லது கான்கிரீட் தளம் வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாமா என்பதைத் தொட்டியில் உள்ள அடையாளமே சொல்லும். அடுக்கும் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் அடுக்கவே கூடாது.

திரவத்தை எடுக்கும்போது மேல் மூடியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் தொட்டியின் சுவர் உள்வாங்கி வளையும். வேகமாக வரட்டும் என்று கம்ப்ரசர் காற்றை உள்ளே செலுத்துவது அதைவிட ஆபத்து. இது காற்றழுத்தத்தைத் தாங்கச் செய்த தொட்டி அல்ல, வெடித்துச் சிதறலாம்.

வால்வு உடைந்தால் ஆயிரம் லிட்டரும் வெளியேறும். அதனால்தான் இரசாயனத் தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவரோ, அடியில் பெரிய தட்டோ வைக்கச் சொல்கிறார்கள். அந்தத் தடுப்பு, இருப்பதிலேயே பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 1,100 லிட்டர். மழைத்தண்ணீர் தேங்கினால் அந்த இடம் குறைந்துவிடும் என்பதால் அதை அவ்வப்போது அகற்ற வேண்டும். எண்ணெய் படிந்திருந்தால் அந்தத் தண்ணீரையும் கால்வாயில் விடக் கூடாது.

டீசல் பெட்ரோலைப் போலச் சட்டென்று பற்றாது. ஆனால் பக்கத்தில் தீப்பிடித்தால் பிளாஸ்டிக் உருகி, உள்ளே இருக்கும் டீசல் முழுவதும் ஒரே நேரத்தில் தீயில் கொட்டும். சாதாரண ஐபிசி டேங்கில் பெட்ரோல், தின்னர் போன்றவற்றை ஊற்றவே கூடாது. ஊற்றும்போது பிளாஸ்டிக்கில் உண்டாகும் நிலைமின்சாரப் பொறி ஒன்றே அவற்றுக்குப் போதும்.

காலியானது காலியல்ல

இனி நம் கேள்விக்கு வருவோம். வால்வு வழியாகத் திரவம் நின்றுவிட்டது, தொட்டி காலி என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியின் உட்பக்க அடித்தளம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அடியில் ஒரே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் திரவம் தங்கினால்கூட அது சுமார் 10 லிட்டர். வால்வின் உள்ளேயும் மூலைகளிலும் ஒட்டியிருப்பது தனி.

கழுவினால் போய்விடாதா? கண்ணுக்குத் தெரிவது போகும். எண்ணெய், கரைப்பான், பூச்சிமருந்து போன்றவை பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே ஊறிப்போகும். பிறகு ஊற்றும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அவை வெளியே வரும். வாசனை இல்லை என்பதால் விஷமும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மருந்து தெளிக்கப் போன அம்மாமார், மருந்து வந்த தோம்பில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். பராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அது புழக்கத்தில் இருந்த காலத்தில் பயத்தோடு கற்றுக்கொண்ட அந்தப் பாடம் இன்றும் செல்லும். மருந்துத் தோம்புக்குச் சொன்னது ஆயிரம் லிட்டர் தொட்டிக்கும் பொருந்தும்.

காலித் தொட்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மேற்பாகத்தை வெட்டி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்வார்கள், மீன் வளர்ப்பார்கள். உள்ளே தங்கிய ஆவி எரியக்கூடியதாக இருந்தால், கிரைண்டரின் ஒரு பொறி பட்டதும் தொட்டி வெடிக்கும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத தொட்டியை வெட்டவோ, அதன் கூண்டில் வெல்டிங் செய்யவோ கூடாது.

தொட்டியே சொல்லும் செய்தி

கூண்டின் முன்பக்கம் ஓர் உலோகத் தகடு இருக்கும். ஆபத்தான பொருள் ஏற்றத் தகுதி பெற்ற தொட்டியானால் அதில் யூ.என். அடையாளமும் 31ஹெச்ஏ1 என்ற குறியும் இருக்கும். 31 என்பது திரவத்துக்கான தொட்டி, ஹெச் என்பது உள்ளே பிளாஸ்டிக், ஏ என்பது வெளியே இரும்பு. அதே வரிசையில் தொட்டி செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். ஆபத்தான திரவங்களை ஏற்ற, பிளாஸ்டிக் தொட்டியின் ஆயுள் பொதுவாகச் செய்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள். இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை சோதனையும் தேவை. நம் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளுத்து, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். நகத்தால் சுரண்டினால் பொடி வரும் தொட்டி எதற்கும் ஆகாது.

அடுத்தது லேபல். 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அபாயகரமான இரசாயனத்தின் லேபல் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்காது. ஆனால் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் படங்களுக்கு மொழி தேவையில்லை. மண்டையோடு என்றால் விஷம். தீச்சுடர் என்றால் எரியும். கையில் திரவம் கொட்டும் படம் என்றால் தோலையும் கண்ணையும் அரிக்கும். செத்த மீனும் பட்ட மரமும் என்றால் ஆற்றுக்கும் மண்ணுக்கும் கேடு. இந்த நான்கையும் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

லேபலைக் கிழித்த தொட்டியை விற்கிறார்கள் என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை.

பாசிர் கூடாங் நமக்குக் கற்றுத் தந்தது

2019 மார்ச் 7ஆம் தேதி பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவை நாம் மறந்திருக்க முடியாது. அருகில் இருந்த பள்ளிகளின் மாணவர்களே முதலில் மூச்சுத் திணறியும் வாந்தி எடுத்தும் பாதிக்கப்பட்டார்கள். சில நாள்களில் 2,700க்கும் மேற்பட்டோர் சிகிச்சை நாடினர். அந்த வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றைச் சுத்தம் செய்ய 64 லட்சம் வெள்ளி செலவாகும் என்று அறிவிக்கப்பட்டது.

அது ஐபிசி டேங்கிலிருந்து கொட்டியதல்ல. ஆனாலும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது. இரசாயனக் கழிவைச் சட்டப்படி அகற்றப் பணம் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் ஆற்றில் கொட்டுவார்கள், அல்லது தொட்டியோடு யாரிடமாவது தள்ளிவிடுவார்கள். "சும்மா எடுத்துக்கொள்" என்று தரும் தொட்டி, சில வேளைகளில் பிறருடைய கழிவுச் செலவு நம் தலையில் விழுவதுதான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டு பட்டியலிடப்பட்ட கழிவு விதிமுறைகளில், இரசாயனமோ எண்ணெயோ பட்டு, தூக்கிப் போட வேண்டிய கொள்கலன்களுக்கென்றே எஸ்.டபிள்யூ. 409 என்ற தனிக் குறியீடு உண்டு. அத்தகைய தொட்டி சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். பழைய இரும்புக் கடைக்கோ, தொழிலாளியின் வீட்டுக்கோ அல்ல.

வேலையிடத்தில் நம் உரிமை

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பக் காரணம் இருந்து, அதை முதலாளி சரி செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் அதில் உண்டு. கசியும் தொட்டியைப் பார்த்தால் மண்டோரிடம் சொல்லுங்கள். உள்ளே இருப்பதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். அது தளத்தில் இருக்க வேண்டியது. கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

இரசாயனம் கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரை விட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனை. போகும்போது லேபலைப் படம் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும்.

தண்ணீர்த் தொட்டியை இரசாயனத் தொட்டிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் ஒரே வெள்ளை நிறம். அவசரத்தில் கை மாறிவிடும். தண்ணீர்த் தொட்டியில் பெரிய எழுத்தில் எழுதி, கறுப்புத் துணியோ பிளாஸ்டிக்கோ போர்த்துங்கள். வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும். மூடியைத் திறந்து போட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

வீட்டுக்கு வாங்குவதானால்

குடிக்க, சமைக்க, குளிக்க, அன்னதானத்துக்கு என்றால் பழைய ஐபிசி டேங்க் வேண்டாம். அதற்கென்று விற்கும் புதிய தண்ணீர்த் தொட்டி வாங்குங்கள். கீரை, காய்கறிக்கு ஊற்றவும், ஆடு மாடு குடிக்கவும் என்றால், சமையல் எண்ணெயோ சர்க்கரைப் பாகோ போன்ற உணவுப் பொருள் வந்த தொட்டியாக இருக்க வேண்டும். முதல் லேபல் அப்படியே ஒட்டியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அதை அங்கேயே விட்டு வாருங்கள்.

நூறு, இருநூறு வெள்ளி மிச்சம் பிடித்த தொட்டியின் தண்ணீரைக் குடிப்பது நம் பிள்ளைகள். அடுத்த முறை "கழுவின தோங்தான்" என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கழுவுவதற்கு முன்னால் இதில் என்ன இருந்தது?" பதில் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.