சேற்றுக்குள் கேஸ், சாணத்துக்குள் அடுப்பு! தெரியுமா?

பிச்சாவரத்தில் படகுக்காரர் கழியைச் சேற்றில் அழுத்தி எடுக்கும்போது குபுகுபுவென்று குமிழி கிளம்புமே, அதில் மீத்தேனும் இருக்கிறது, தெரியுமா? சுரபுன்னை இலைகள் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்களால் மட்கி மட்கிக் கேஸாகின்றன! உப்புத்தண்ணீரில் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் போட்டிக்கு வந்துவிடுவதால் மீத்தேன் குறைந்து அழுகிய முட்டை வாடைதான் தூக்கலாக வரும்.

1776-ல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, இதே குமிழிகளைப் பிடித்துப் பற்றவைத்துப் பார்த்தார் ஒருவர். யார் தெரியுமா? பின்னாளில் பேட்டரியைக் கண்டுபிடித்த வோல்ட்டாவேதான்!

இனி மாட்டுக்கொட்டகைக்கு வாருங்கள். மாடு விடும் மீத்தேனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய்வழி ஏப்பமாகவே போகிறது! (பின்பக்கத்தைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள், பாவம்.) அதைத் தயாரிக்கும் நுண்ணுயிர்கள் சாணத்திலும் வந்துவிடுவதால், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் வெளியிலிருந்து எதையும் ஊற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. சாணத்தைக் கரைத்து, காற்றுப் புகாத சாண எரிவாயுக் கலனுக்குள் விட்டால் போதும். பிராணவாயு பட்டால் இந்த நுண்ணுயிர்கள் செத்துவிடும்!

கணக்கைக் கேளுங்கள். ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் கேஸ். ஐந்து மாடு இருந்தால் 2 கனமீட்டர். நாலைந்து பேர் உள்ள வீட்டின் சமையல் முடிந்தது! சிலிண்டர் கணக்கில் சொன்னால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பதினாறு, பதினேழு நாளுக்கொரு முறை கொட்டகையிலிருந்தே வந்து இறங்கிய மாதிரி!

கடலூர் வெயிலைத் திட்டாதவர் உண்டா? அந்த வெயிலுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. சாணக் கரைசல் கலனுக்குள் எத்தனை நாள் தங்கவேண்டும் என்று அரசு வகுத்த கணக்கில் குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கு 55 நாள், தமிழ்நாட்டுக்கு 30 நாள்தான்! அதனால் கலனுக்கு வெட்டும் குழி சிறிசு, செங்கல், சிமெண்டுச் செலவும் குறைவு.

மிதக்கும் டிரம் வைத்த கலனைப் பக்கத்தில் நின்று பார்த்ததுண்டா? 1950-களில் ஜஷ்பாய் படேல் உருவாக்கி, கதர் கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் கொண்டுபோன வகை அது. காலையில் சாணமும் தண்ணீரும் சரிபாதியாகக் கரைத்து, வைக்கோல் துரும்பையும் கல்லையும் கையாலேயே பொறுக்கி எறிந்துவிட்டு உள்ளே விடுகிறார்கள். கேஸ் சேரச்சேர அந்தக் கனத்த இரும்பு டிரம் தானாக மேலே எழும்புகிறது! சமைக்கச் சமைக்க இறங்குகிறது. இடையிடையே டிரம்மைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரைசலின் மேல் ஏடு கட்டிக்கொண்டு கேஸை அடைத்துவிடும்.

மீத்தேன் என்றாலே சிதம்பரம் பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடைபோட்ட 2020-ஆம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களும் அடக்கம். ஆனால் மீத்தேன் திட்டத்தில் வயலைத் துளைத்து எடுப்பதாகச் சொன்ன அதே வாயுதான் சாணத்திலிருந்தும் வருகிறது, தெரியுமா? அங்கே நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் பல கோடி ஆண்டுப் பழைய நிலக்கரியைக் கிளற வேண்டும். இங்கே போன போகத்து வைக்கோல்தான் கேஸாகிறது. என்னைக் கேட்டால் காவிரி டெல்டாவுக்குத் தகுந்த மீத்தேன் இதுதான்!

கேஸ் போனபிறகு மிச்சமென்ன என்கிறீர்களா? சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனிலிருந்து வழியும் குழம்பிலோ அது பெரும்பாலும் அப்படியே இருக்கிறது! சாண நாற்றமும் குறைந்துவிடும், ஈயும் அவ்வளவாக மொய்க்காது. வாய்க்கால் தண்ணீரோடு கலந்து நெல்லுக்கே பாய்ச்சலாம்.

புதுக் கலன் வைத்தவர்களுக்கு ஒன்று: முதலில் வரும் கேஸ் அடுப்பில் பற்றவில்லையே என்று பதறாதீர்கள். அதில் கரியமில வாயுவும் கலனுக்குள் இருந்த காற்றும்தான் அதிகம். வெளியே விட்டுவிடுங்கள், தீக்குச்சியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மீத்தேனோடு காற்று கலந்திருந்தால் வெடிக்கும்!