நங்கூரம் எதனால் பிடிக்கிறது?

கடலில் நிற்கும் படகை நங்கூரத்தின் கனமே பிடித்து நிறுத்துகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அக்காள்மடத்தில் பிறந்த நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடைக்கால இரவில் எங்கள் வத்தை நங்கூரத்தோடு இழுபட்டுப் பாரில் மோதிப் பலகை பிளந்தது. ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் அந்தப் படகுதான். “இவ்வளவு கனமான நங்கூரம் எப்படி நழுவியது?” என்று எல்லோரும் கேட்டோம். அப்பா மட்டும், “கயிறு பத்தலை” என்றார். அதன் பொருள் கல்லூரியில் விசைகளைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நங்கூரத்தின் கொக்கி மண்ணில் புதைந்தால்தான் பிடிப்பு உண்டாகும். கயிறு தரையோடு படுத்து இழுத்தால் கொக்கி மேலும் ஆழமாகப் புதையும். மேல்நோக்கி இழுத்தாலோ பெயர்ந்து வந்துவிடும். ஆகவே இழுக்கும் கோணமே முக்கியம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நீரின் ஆழம் 3 மீட்டர். கயிறு கட்டியுள்ள அணியம் நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம். மொத்தம் 4 மீட்டர். 12 மீட்டர் கயிறு விட்டால், அது விறைத்து நிற்கும்போது தரையோடு ஏறத்தாழ 19 பாகைக் கோணம் உண்டாகும். 28 மீட்டர், அதாவது ஏழு மடங்கு விட்டால், கோணம் 8 பாகையாகக் குறையும். அணியத்தின் உயரத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பதே பலரும் செய்யும் பிழை.

புயலில் கடல்மட்டம் 2 மீட்டர் உயர்ந்தால் 12 மீட்டர் கயிற்றின் கோணம் 30 பாகையாகிவிடும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசையோ நான்கு மடங்காகும். இரண்டும் சேர்ந்து வரும்போது கயிறு குட்டையாயிருந்தால் எந்த நங்கூரமும் தாங்காது. ஆனால், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது போன்ற புயலுக்கு நீண்ட கயிறும் விடையன்று. எச்சரிக்கை கிடைத்தவுடன் படகைக் கரையேற்றுவதே அறிவுடைமை.

சங்கிலியா, கயிறா என்ற கேள்வியும் உண்டு. சங்கிலி தன் கனத்தால் தரையில் படுத்து, இழுப்பைக் கிடையாக வைக்கும்; பாரில் உரசினாலும் எளிதில் அறுபடாது. ஆனால் விலை மிகுதி, தூக்குவதும் கடினம். நைலான் கயிறு நீண்டு கொடுத்து அலையின் அதிர்ச்சியைத் தாங்கும், உரசினால் அறுந்துவிடும். எனவே நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலியும், மேலே நைலான் கயிறும் இணைப்பது சிறு படகுக்கு ஏற்றது. கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் துணி சுற்ற வேண்டும்.

படகுகள் நெருங்கி நிற்கும் இடத்தில், ஒன்றோடொன்று மோதாதிருக்க எல்லோரும் கயிற்றைக் குறைத்துக் கட்டுகிறார்கள். நாங்களும் அன்று அதைத்தான் செய்தோம். ஒரு படகு மட்டும் கயிற்றை நீட்டினால் சுழன்று அண்டைப் படகில் மோதும். ஆகவே இடைவெளி விட்டு நிறுத்த எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

நங்கூரமிட்டபின், கரையில் ஒரு பனையையும் அதற்கு நேர் பின்னே ஒரு விளக்குக் கம்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படகு காற்றுக்கேற்ப இப்படியும் அப்படியும் ஆடுவது இயல்பு. ஆனால் அவ்விரண்டும் ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால், நங்கூரம் நழுவுகிறது என்று பொருள். உடனே இன்னும் கயிறு விடுங்கள்.