சீனி குறைந்த கொக்கோ அகார் அகார்



தாய்மார்களே, தீபாவளியோ பிறந்தநாளோ வந்துவிட்டால் பிள்ளைகள் இப்போது முதலில் கேட்பது அதிரசத்தை அல்ல, சாக்லேட்டைத்தான். இல்லை என்றால் பிள்ளையின் முகம் வாடுகிறது. கேட்டபோதெல்லாம் வாங்கிக் கொடுத்தால் பணமும் போகும், பல்லும் போகும். ஆகவே, சாக்லேட்டின் மணம் குறையாமல், சீனியையும் கொழுப்பையும் குறைத்து, வீட்டு அடுப்பிலேயே செய்யக்கூடிய ஒரு பண்டத்தைப் பற்றி இன்று பார்ப்போம்.

சீனியை ஏன் குறைக்க வேண்டும்? 2019-ஆம் ஆண்டில் மலேசியாவில் நடந்த தேசிய உடல்நல ஆய்வு, பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு, அதாவது இனிப்புநீர் வியாதி, இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களை மட்டும் கணக்கெடுத்தால் 100-க்கு 31 பேர். ஏறக்குறைய மூவரில் ஒருவர்! ஆறாத கால்புண், மங்கும் கண், பழுதாகும் சிறுநீரகம் என்று இந்த வியாதி செய்யும் கொடுமையைக் காணாத குடும்பம் நம்மிடையே குறைவு. இனிப்பு ஒன்றே இதற்குக் காரணம் அன்று. பரம்பரை, உடற்பருமன், உடலுழைப்புக் குறைவு ஆகியவையும் சேர்கின்றன. பரம்பரையை நாம் மாற்ற முடியாது. பிள்ளையின் நாக்குப் பழக்கத்தை மாற்ற முடியும்.

கொக்கோ நமக்குப் புதிய பயிர் அன்று. கீழ்ப் பேராக், சிலாங்கூர்க் கடலோரத் தென்னைத் தோட்டங்களில் தென்னை நிழலில் கொக்கோ வளர்ந்த காலம் உண்டு. பின்னர் விலை வீழ்ந்தது. காய் துளைப்பான் புழுவும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலான இடங்களில் செம்பனை வந்துவிட்டது.

அந்தக் கொக்கோக் கொட்டையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. ஆலையில் அதைப் பிழிந்து பெரும்பகுதிக் கொழுப்பை எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கை அரைத்தால் கிடைப்பதுதான் கொக்கோத் தூள். மணமும் நிறமும் கசப்பும் தூளிலேயே தங்கிவிடுகின்றன. பால் சாக்லேட் கட்டியிலோ பிழிந்தெடுத்த கொழுப்பு மீண்டும் சேர்கிறது. எடையில் பாதியளவு சீனியும் சேர்கிறது. ஆகையால் கட்டியை உருக்குவதைவிடத் தூளைப் பயன்படுத்துவதே நமக்கு இலாபம். ஒன்றைக் கவனியுங்கள்: கடையில் டின்னில் விற்கும் சாக்லேட் பானத் தூள் வேறு. அதில் முன்பே சீனி கலந்திருக்கிறது. நாம் வாங்க வேண்டியது சீனி கலக்காத, கசக்கும் கொக்கோத் தூள்.

இதனுடன் சேர்வது அகார் அகார். இது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது, மாமிசம் கலவாதது. கோயில் விரதக்காரரும் உண்ணலாம், பக்கத்து வீட்டு மலாய் அன்பருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். இது சாதாரண வெப்பத்திலேயே இறுகும். ஐஸ் பெட்டி இல்லாவிட்டாலும் உறைந்துவிடும்.

தேவையான பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அகார் அகார் தூள் 10 கிராம் பொட்டலம் ஒன்று. தண்ணீர் 700 மில்லி லிட்டர். சீனி சேர்க்காத பால் 500 மில்லி லிட்டர். பால்மாவைக் கரைத்தும் கொள்ளலாம். கொக்கோத் தூள் தலைதட்டி 4 மேசைக்கரண்டி. சீனி தலைதட்டி 6 மேசைக்கரண்டி, அதாவது சுமார் 75 கிராம். உப்பு ஒரு சிட்டிகை. முடிச்சுப் போட்ட பாண்டான் இலை இரண்டு.

முதலில் கொக்கோவையும் சீனியையும் உப்பையும் உலர்ந்தபடியே கலந்துகொள்ளுங்கள். கொக்கோத் தூளில் இன்னும் சிறிது கொழுப்பு இருப்பதால் அது தண்ணீரில் எளிதில் நனையாது; தனியே கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். சீனியோடு கலந்துவிட்டுச் சிறிது வெந்நீர் ஊற்றிக் குழைத்தால் வழுவழுப்பான கூழாகும்.

அடுத்து, அகார் அகார் தூளைப் பச்சைத் தண்ணீரில் தூவி, பாண்டான் இலையையும் போட்டு, கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். கொதி வந்தபின் மேலும் 3 நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியை எடுத்துப் பார்த்தால் அதில் குறுணை ஒட்டக்கூடாது. சரியாகக் கரையாத அகார் அகார் சரியாக உறையாது. இப்போது கொக்கோக் கூழைச் சேர்த்துக் கிளறுங்கள். பாலைத் தனியே சூடாக்கி ஊற்றுங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் ஆங்காங்கே திரிதிரியாக இறுகிவிடும். மறுபடி ஒரு கொதி வந்ததும் இறக்கி, இலையை எடுத்துவிடுங்கள். உடனே ஊற்றினால் கொக்கோ அடியில் தங்கும். சில நிமிடம் கிளறி ஆவி அடங்கியபின் தண்ணீர் நனைத்த தட்டில் ஊற்றுங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். 12 துண்டாக வெட்டுங்கள்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு துண்டில் நாம் சேர்த்த சீனி 6 கிராமுக்குச் சற்று அதிகம். இதே பண்டத்தில் 500 கிராம் இனிப்பு டின்பால் ஒன்றை ஊற்றினால், அதன் எடையில் பாதியளவு சீனி என்பதால், துண்டுக்கு 20 கிராம் ஆகிவிடும். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனியைச் சுமார் 25 கிராமுக்குள் வைத்தால் மேலும் நன்மை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. ஒரே துண்டில் அதை ஏறக்குறையத் தீர்த்துவிடலாமா? தேங்காய்ப்பாலும் வேண்டாம்; ருசி உண்டு, கொழுப்பும் உண்டு.

இனிப்புக்குப் பழகிய பிள்ளைகள் முதல்முறை "சப்பென்று இருக்கிறது" எனலாம். அப்படியானால் முதலில் 8 கரண்டி போடுங்கள், அடுத்த முறை 7, பிறகு 6. நாக்கு மெல்லப் பழகும். கனிந்த வாழைப்பழத்தை வில்லைகளாக நறுக்கித் தட்டில் பரப்பி, அதன்மேல் ஊற்றினால் இனிப்பும் கூடும், அழகும் கூடும்.

இரண்டு எச்சரிக்கைகள். பால் சேர்ந்த பண்டமாதலால், ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில் ஆறியவுடன் உண்டு முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது மருந்து அன்று. அவர்கள் ஒரு சிறு துண்டோடு நிறுத்தி, அந்த வேளைச் சோற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். மருந்தையோ ஊசியையோ டாக்டரைக் கேளாமல் மாற்றக்கூடாது.

பண்டிகை நாளில் பேரப்பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு தாத்தா ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. அவருக்கும் ஒரு துண்டு கொடுக்கலாம். இந்த வாரம் செய்து பாருங்கள்.